லெந்து நாளில் முட்டை ஊதினோம்

கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயிலில் ஆள் தேட வேண்டியதே இல்லை. டிசம்பர் பிறந்தால் போதும், மூங்கிலைப் பிளந்து நட்சத்திரம் கட்ட ஒரு கூட்டம், குடிலுக்கு வைக்கோல் கொண்டுவர ஒரு கூட்டம், சீரியல் லைட்டை எந்த ஜன்னல் வழியாக இழுப்பது என்று சண்டை போட ஒரு கூட்டம். ஈஸ்டருக்கு? நாற்பது நாளாக விரித்திருந்த ஊதாத் துணியை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி விரிப்பார்கள். இரண்டு ஜாடியில் சம்பங்கி வைப்பார்கள். அவ்வளவுதான். பிறந்ததற்கு அத்தனை ஆர்ப்பாட்டம், செத்துப்போனவர் எழுந்து வந்ததற்கு இரண்டு ஜாடி சம்பங்கியா என்று எனக்கு வருஷா வருஷம் ஆத்திரமாக வரும்.

2009இல் அந்த ஆத்திரத்துக்கு ஒரு வழி கிடைத்தது. அப்போது சிதம்பரத்தில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பஸ் பிடித்துக் கடலூர் முதுநகருக்கு வந்துவிடுவேன். ஞாயிறு காலை கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுப்பேன். பி.எட். படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு பாடத்திட்டம் தெரியும். குழந்தை காதால் கேட்டால் மறந்துபோகும், கையால் செய்தால் மறக்காது என்று வாரம் முழுக்க எங்களுக்கு ஓதிக்கொண்டே இருந்தார்கள். நானும் அதைக் கேட்டுக் கேட்டு, எதையாவது கையால் செய்யவைக்காமல் விடுவதில்லை என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கீழ வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். எந்த நாடு என்றுகூடத் தெரியாது. காய்ந்த மரக்கிளை ஒன்றைத் தொட்டியில் நட்டு, அதில் வண்ணம் தீட்டிய முட்டை ஓடுகளை நூலில் தொங்கவிட்டிருந்தார்கள். முழு முட்டை, உடையாத ஓடு, உள்ளே காலி. எனக்கு அங்கேயே பாடம் வந்துவிட்டது. வெறும் கல்லறை, வெறும் ஓடு. உள்ளே இருந்தது வெளியே போய்விட்டது. இதைவிட எளிதாக ஈஸ்டரை ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

கோயில் கமிட்டியில் கேட்டேன். பொருளாளர் மாமாவுக்கு இரண்டே சந்தேகம். அவர் எனக்குச் சொந்தமில்லை. கோயிலில் ஐம்பது தாண்டிய ஆண்கள் எல்லோருமே எங்களுக்கு மாமாதான். சுவரில் ஆணி அடிப்பீர்களா என்று கேட்டார், இல்லை என்றேன். முடிந்ததும் யார் கூட்டுவது என்று கேட்டார், நான் என்றேன். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் ஒரு நிபந்தனை போட்டார். ஈஸ்டர் விடியும்வரை ஒன்றும் வெளியே தெரியக் கூடாது, லெந்து நாளில், அந்த நாற்பது நாள் நோன்பில், கோயிலில் அலங்காரம் ஆகாது. சரி என்றேன். எழுந்து வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அந்தக் கமிட்டியில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. முட்டை என்றதும் எல்லோருக்கும் ஈஸ்டர்தான் நினைவுக்கு வந்தது. தொங்கவிடுவது ஈஸ்டரில், ஆனால் காலி ஓடு வேண்டுமென்றால் முட்டையை முன்னாலேயே காலி செய்ய வேண்டும். முன்னால் இருப்பது லெந்து. லெந்து நாளில் எங்கள் சபை வீடுகளில் மீன் கிடையாது, கறி கிடையாது, முட்டையும் கிடையாது. அம்மாக்கள் தலையில் பூக்கூட வைக்க மாட்டார்கள். நான் விடுதிக்குப் போன நாளிலிருந்து மெஸ்ஸில் போடுவதைத் தின்று பழகியதில் எனக்கு லெந்து என்பது காலண்டரில் ஒரு நிறமாகிவிட்டிருந்தது.

வீட்டில் முட்டை உடைக்கும்போது முழு ஓடாக எடுத்துவையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு ஒருவரும் கொண்டுவரவில்லை. ஒரு பையன் மட்டும் பரோட்டா கடைப் பின்பக்கத்திலிருந்து பொறுக்கிய பாதி ஓட்டைப் பெருமையாக நீட்டினான். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு முட்டை ஓடு கொண்டுவர இவ்வளவு சோம்பேறித்தனமா என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த ஒரு பெண், ஏதோ எனக்கு விளங்காததை விளக்குகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"லெந்து நாள்ல வூட்ல முட்ட ஏதுக்கா?"

அவள் ஐந்தாம் வகுப்பு. அப்பா மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இந்த ஈஸ்டருக்கு லீவு கேட்டிருந்தார், இன்னும் பதில் வரவில்லை. அந்த லீவு கிடைக்க வேண்டும் என்று இவள் சாமியிடம் பொருத்தனை செய்திருந்தாள். லெந்து முழுக்கக் கவுச்சி வாயில் படாமல் இருந்தால் அப்பா வந்துவிடுவார். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் எப்போதும் சலுகை கொடுப்பார்கள், முதல் வாரமும் கடைசி வாரமும் இருந்தால் போதும் என்று. இவள் சலுகை வேண்டாம் என்றுவிட்டாள். முதுநகரில் நாற்பது நாள் மீன் இல்லாமல் இருப்பது லேசான காரியமா? பக்கத்து வீட்டில் சங்கரா வறுத்தால் வாசனை சுவரேறிக் குதித்து வரும். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டோடு போடுகிற முட்டையையும் தொடாமல் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாளாம். இதைச் சொன்னது அவள் அண்ணன், எட்டாம் வகுப்பு. சொல்லிவிட்டு, "கேக்கு குடுத்தா மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறாக்கா, போலீஸ் நாய் மாதிரி" என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, கடலூரில் இல்லையென்றால் சிதம்பரத்தில் இருக்கிறதே என்று கிளம்பினேன். விடுதி அறையில் என்னோடு மூன்று பேர், மூவரும் இந்துக்கள், இரண்டு பேர் முட்டை தின்பவர்கள். வார்டனுக்குத் தெரியாமல் ஒரு மின்சார அடுப்பு எங்களிடம் இருந்தது. முட்டையின் இரண்டு முனையிலும் ஊசியால் துளை போட்டு, ஒரு பக்கம் வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் வெள்ளையும் மஞ்சளும் சொட்டுச் சொட்டாக வந்து விழும். நான் ஊதினேன், அவர்கள் தின்றார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் அறையில் ஆம்லெட்தான். வாரக் கடைசியில் ஒருத்தி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள், "ஒங்க பண்டிகைக்கு நாங்க ஏண்டி முட்டையா தின்னு சாவணும்?" முட்டை தின்னாத மூன்றாமவள், நாற்றம் தாங்காமல் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

காலி ஓடுகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் மரத்தூள் போட்டு அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில்தான் வைத்திருந்தேன். புதுச்சத்திரத்தில் ஒரு கூட்டம் ஏறியது. நிற்பவர்களுக்கு இடைஞ்சல், வாளியைக் கீழே வையுங்கள் என்று கண்டக்டர் அதட்டினார். வைத்தேன். ஆலப்பாக்கத்தில் யாரோ ஒரு மணிலாக்கொட்டை மூட்டையைக் காலால் உள்ளே தள்ளினார்கள். அந்தச் சத்தம் மெல்லிசாகத்தான் கேட்டது, அப்பளம் நொறுங்குகிற மாதிரி. மூட்டைக்காரர் குனிந்து பார்த்து, முட்டையா என்று பதறினார். காலி ஓடுதான் என்றேன். காலி ஓட்டையா வாளியில் வைத்து எடுத்துப் போகிறாய் என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். முதுநகரில் இறங்கும்போது கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சம்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம்தான் இருந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, அட்டை அட்டையாக முட்டை வாங்கிக்கொண்டு கோயில் பக்கத்திலிருக்கிற ஞாயிறு பள்ளிக் கூடத்துக்குப் போனேன். நடுவில் ஒரு எவர்சில்வர் குண்டான். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து ஆளுக்கொரு முட்டை கொடுத்தேன். நோன்பு எனக்கு நினைவில்லாமல் இல்லை. யோசித்துத்தான் வைத்திருந்தேன். தின்னப்போவதில்லை, ஊதத்தானே போகிறார்கள்? ஊதும்போது காற்று வெளியே போகிறது. வெளியே போகிற இடத்தில் எதுவும் உள்ளே வராது. முட்டைக்கும் நோன்புக்கும் சம்பந்தமே இல்லை. அவளிடமும் இதையே சொன்னேன். அவள் முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஈர்க்குச்சியால் உதட்டைத் தொடுகிற மாதிரி மெதுவாக வாயில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. கன்னங்கள் பலூன் மாதிரி உப்பின. யாருடைய முட்டை முதலில் காலியாகும் என்று பந்தயம் வந்துவிட்டது. அண்ணன்காரன் தங்கையைச் சீண்ட ஆரம்பித்தான், ஒன்றும் தின்னாமல் கிடந்தால் மூச்சு எங்கே இருந்து வரும் என்று. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊதினாள், ஊதினாள், முகம் சிவக்க ஊதினாள். துளை சின்னது. மூச்சு முட்டியது. வாயை எடுக்காமலே ஒரு இழுப்பு இழுத்தாள்.

சத்தம் நின்றது. அவள் முட்டையை உடையாமல் பத்திரமாகத் தரையில் வைத்தாள். வாயை மூடியபடியே என்னைப் பார்த்தாள்.

"துப்புடி" என்றான் அண்ணன்.

அவள் தலையாட்டினாள். துப்ப ஒன்றுமில்லை, உள்ளே போய்விட்டது.

மற்ற பிள்ளைகளுக்குள் உடனே ஒரு விவாதம். நாக்கில் பட்டால் கணக்கில்லை, தொண்டைக்குள் போனால்தான் கணக்கு என்றாள் ஒருத்தி. பச்சை முட்டை சமையலில் சேராது, அதனால் பரவாயில்லை என்றான் இன்னொருவன். பரோட்டா கடை ஓட்டைக் கொண்டுவந்த பையன், காலையிலிருந்து எண்ணாமல் சாயந்திரத்திலிருந்து எண்ணினால் நோன்பு சரியாக வரும் என்று ஏதோ கணக்குச் சொன்னான். அவள் எழுந்து வெளியே குழாயடிக்குப் போனாள். வாயை மறுபடி மறுபடி கொப்பளித்துத் துப்பிக்கொண்டே இருந்தாள். நான் பின்னால் போய்க் காற்று, அழுத்தம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. அழவும் இல்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அம்மாவை அண்ணன் போய் அழைத்து வந்தான். அந்த அம்மா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"நீங்க படிச்சவங்க. நான் ஒண்ணும் சொல்லல. லெந்து நாள்ல புள்ளைங்க வாயில முட்டய வெக்கலாமான்னு எங்க யாரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

பிறகு குண்டானை எட்டிப் பார்த்தார். மஞ்சளும் வெள்ளையுமாக முக்கால் குண்டான். அவர் முகம் அப்போதுதான் மாறியது. "இத்தன முட்டையும் இன்னா பண்ணப் போறீங்க?"

நான் அதை யோசிக்கவே இல்லை. சபையில் ஒரு வீட்டிலும் வாங்க மாட்டார்கள். கொட்டினால் பாவம். வெயில் வேறு. குண்டானுக்கு ஒரு தட்டை மூடித் தூக்கிக்கொண்டு, அந்தப் பையன் வழிகாட்ட, பரோட்டா கடைக்கே போனேன். கடைக்கார பாய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னையும் கோயில் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த நாப்பது நாளும் ஒங்க ஆளுங்களால எனக்கு யாவாரமே டல்லு. இப்ப கோயில்லேருந்தே முட்ட வருது" என்று சிரித்தார். அன்று ராத்திரி அந்தத் தெருவில் முட்டை பரோட்டா மலிந்திருக்கும்.

மறுநாள் ஆராதனை முடிந்து அவளை ஐயரிடம் அழைத்துப் போனேன். அவர் தீர்மானமாகச் சொன்னார், தெரியாமல் நடந்தது நோன்பை முறிக்காது, சாமி அவ்வளவு சின்னக் கணக்குப் பார்ப்பவர் இல்லை. எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் கையில் குருத்தோலைச் சிலுவையோடு நின்று கேட்டுக்கொண்டாள். "சரிங்க ஐயரே" என்றாள். அந்தச் "சரி"யில் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன் அன்று லீவுக்கு வந்து இறங்கியதும் சேதி காத்திருந்தது. மஸ்கட்டிலிருந்து போன் வந்துவிட்டதாம். லீவு கிடைக்கவில்லை. வேலை முடிகிற நேரம், ஒருவரையும் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார்களாம்.

நான் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் வந்த களைப்பெல்லாம் கோபமாக மாறியிருந்தது. யார்மீது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கம்பெனிமீது, அந்தச் சின்னத் துளைமீது, சீண்டிவிட்ட அண்ணன்மீது. வாரக்கணக்கில் மனு போய், எங்கேயோ ஒரு மேஜையில் யாரோ முடிவு செய்ததை, இங்கே முதுநகரில் ஒரு பிள்ளை ஒரு மடக்கு முட்டையால் கெடுத்துவிட முடியாது என்று அவளுக்குப் படிப்படியாக விளக்கினேன். குழந்தை உளவியலில் நான் நல்ல மார்க். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அவுங்க முடிவு பண்ணது என்னிக்குக்கா?"

தெரியாது என்றேன்.

"சனிக்கிழமைக்கு அப்புறமாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு தன் முடிவைச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து மறுபடி நாற்பது நாள். ஈஸ்டர் வந்தாலும் முடிக்கப் போவதில்லை. ஒழுங்காக முடித்தால் அடுத்த தடவை லீவு கேட்கும்போது கிடைத்துவிடும். ஈஸ்டர் அன்று நோன்பு இருப்பது தப்பு, அது சந்தோஷ நாள் என்றேன். "நீங்க சந்தோஷமா இருங்கக்கா" என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னாள்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் வண்ணம் தீட்ட உட்கார்ந்தோம். அந்த நாளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மஞ்சக்குப்பத்தில் வாங்கிய போஸ்டர் கலர், ஜரிகை நூல், சம்கி எல்லாம் பரப்பிவைத்தேன். ஓடுகளை எடுத்தால் உள்ளெல்லாம் எறும்பு. சரியாகக் கழுவிக் காயவைக்கவில்லை, ஒரு மாதிரி வாடை. மதியம் கரண்ட் போனது, மின்விசிறி நின்றது, வியர்வை சொட்டி வண்ணம் வழிந்தது. லில்லிப்பூ, விடிகிற சூரியன், பட்டாம்பூச்சி என்று மாதிரி வரைந்து கொடுத்திருந்தேன். எலெக்ஷன் நேரம், ஊரெல்லாம் கொடி. பையன்கள் வரிசையாகக் கட்சிக்கொடி தீட்டி வைத்தார்கள். ஒருவன் சின்னமும் போட்டுவிட்டான். எட்டிப் பார்க்க வந்த பொருளாளர் மாமா, கோயிலில் ஓட்டுக் கேட்கிறீர்களா என்று அதையெல்லாம் அழிக்கச் சொன்னார். அழித்தால் ஓடு நொறுங்கியது. போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"இதுக்கு ஏம்மா வாய வெச்சு ஊதனீங்க? மருந்துக் கடையில ஒரு சிரிஞ்ச் வாங்கியிருந்தா உறிஞ்சி எடுத்துருக்கலாமே."

அந்த வாக்கியத்தை அவர் கமிட்டியில் சொல்லியிருக்கக் கூடாதா? சுவர், ஆணி, துடைப்பம் எல்லாம் கேட்டவருக்கு அப்போது சிரிஞ்ச் தோன்றவில்லையா? நான் ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்தேன். அது மட்டும் உடையவில்லை, ஆச்சரியம்.

அவளும் வந்திருந்தாள். முட்டையைத் தொட மாட்டேன், தீக்குச்சி வேலையைப் பார்க்கிறேன் என்றாள். பாதித் தீக்குச்சியின் நடுவில் நூலைக் கட்டித் துளைக்குள் நிமிர்த்தி நுழைத்தால், உள்ளே போய்க் குறுக்கே விழுந்து பிடித்துக்கொள்ளும். அதுதான் முட்டையைத் தொங்கவிடுகிற வழி. அவள் ஓரமாக உட்கார்ந்து நூல் கட்டிக் கட்டி வரிசையாக வைத்தாள். அவள் ஊதிய முட்டை தனியாகக் கிடந்தது. ஒருவரும் அதற்கு வண்ணம் தீட்டவில்லை. பயமா, மரியாதையா தெரியாது. வெள்ளையாகவே அதையும் நூலில் கோத்தேன்.

ஈஸ்டர் விடியலில் நாங்கள் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போவோம். மெழுகுவத்தியோடு அங்கே பாட்டு, ஜெபம்; வானம் வெளுக்கிற நேரத்துக்குக் கோயிலுக்கு வந்து ஆசீர்வாதம். அதற்குள் பூவரசங்கிளையைப் பெயின்ட் டப்பாவில் மணல் கொட்டி நட்டு, முகப்பில் வைத்துவிட்டேன். பிழைத்த முட்டைகள் எல்லாம் காற்றில் ஆடின. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் வெளியே வரும்போது பார்ப்பார்கள், நிற்பார்கள், பிள்ளைகள் பாடத்தைச் சொல்வார்கள்.

ஆசீர்வாதம் முடிந்தது. "ஆமென்" அடங்குவதற்குள் கூட்டம் வெளியே வந்தது. வந்த வேகத்தில் கிளையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, தண்ணீர் கல்லைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போனது. ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் பை. நாற்பது நாள் முடிந்துவிட்டது. கறிக்கடையில் வரிசை நீளுவதற்குள் போய்ச் சேர வேண்டும். லெந்து எப்போது முடிகிறது என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் கறிக்கடைக்காரர். அன்று கூடுதலாக ஆடு வெட்டிவைத்திருப்பார். பொருளாளர் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடினார். என் பிள்ளைகளும் ஓடினார்கள். கட்சிச் சின்னம் போட்ட பையன் மட்டும் திரும்பி, "சூப்பரா இருக்குக்கா" என்று கத்திவிட்டுப் போனான்.

நின்றது மூன்று பேர். நான், அவள், அவள் அம்மா. அம்மா நின்றதும் கிளைக்காக இல்லை, போனுக்காக. மஸ்கட்டில் ஞாயிறு வேலைநாள். வேலைக்குப் போகிற வண்டி ஏறுமுன் அவர் கூப்பிடுவார். நாங்கள் காக்கைகளை விரட்டிக்கொண்டு காத்திருந்தோம். அதற்குள் இரண்டு முட்டையைக் கொத்தி உடைத்துவிட்டிருந்தன, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் மறுபடி வந்தன.

போன் வந்தது. அம்மா பேசினார், பெண் இன்னும் நோன்பை விடவில்லை என்று முறையிட்டார், ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் நீட்டினார். சத்தத்துக்கு நடுவில் அந்த மனிதர் குரல் இரைந்து கேட்டது.

"முட்டைக்காடி இவ்ளோ அழும்பு? நான் இங்க தெனம் அதத்தான் தின்னுக்கினு இருக்கேன்."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்தாள். "எப்பப்பா?"

"எப்பவும்தான். கேம்ப்புல வேற இன்னா போடறான்? காலையில முட்ட, ராத்திரி முட்டக் கொழம்பு."

"லெந்துலயுமா?"

"போடறதத்தான தின்ன முடியும்?"

"பெரிய வெள்ளிக்கு?"

"வெள்ளிக்கெழம லீவு நாளு. பிரியாணி போட்டான்."

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு வாரமாக உள்ளே இறுகிக் கிடந்தது இளகி, நல்ல காட்டமான கோபமாக மேலே வந்தது.

"அப்ப நானில்ல. நீங்கதாம்பா" என்றாள். "நான் ஒரு தரம், அதுவும் தெரியாம. நீங்க தெனம், தெரிஞ்சே. அப்புறம் எப்படி லீவு குடுப்பாங்க?"

அவர் சிரித்தார். வண்டி வந்துவிட்டது என்றார், சாப்பிடு கண்ணு என்றார், இணைப்பு போனது. அவள் போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

"கறி வாங்கிட்டியாம்மா?"

"நீதான் திங்க மாட்டேன்னியே. வாங்கல."

"வா, தீந்துடப் போவுது." அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்க, ஓடினாள்.

ஒரு வாரமாக நான் பேசியது, ஐயர் தீர்ப்பு, உளவியல், எதற்கும் அசையாதவள். ஒரு கேம்ப் மெஸ் முட்டைக் குழம்பில் முடிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கு என்னவோ எல்லோருமே என்னை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்ட மாதிரி இருந்தது. காக்கைகளோடு நின்றேன்.

இரண்டாம் ஆராதனைக்கு மறுபடி எல்லோரும் வந்தார்கள், கையெல்லாம் மசாலா வாசனையோடு. அவளும் வந்தாள், உதட்டில் எண்ணெய் மினுங்க. நேரே என் பையைத் திறந்து கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். கிளையிலிருந்து அந்த வெள்ளை முட்டையைக் கழற்றி, படியில் உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டியபடி வரைந்தாள். பெரிய மீசை. நெரித்த புருவம். திருதிருவென்று விழிக்கிற இரண்டு கண். வரைந்ததைத் திருப்பி மாட்டினாள், தெருவைப் பார்த்த மாதிரி முன்பக்கமாக.

உள்ளே போகிறவர்கள் நின்றார்கள். காலையில் என் லில்லிப்பூவுக்கும் சூரியனுக்கும் நிற்காதவர்கள் இதற்கு நின்றார்கள். பொருளாளர் மாமா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது யாரும்மா?"

"எங்கப்பா."

"ஏன் இப்படி முழிக்கிறாரு?"

"லெந்து நாள்ல முட்ட தின்னுட்டாரு" என்றாள். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். முட்டை, கல்லறை, வெறுமை என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். உள்ளே மணி அடித்தது. அவர் காக்கை சிதறடித்த ஓடுகளைச் செருப்பு நுனியால் ஓரமாகத் தள்ளிவிட்டு, மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.